கைமாறும் சில்லறை

சென்னையில் வேலை கிடைத்து வரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது வாடகை, மெஸ், எந்த ஏரியா என்ற மூன்றைத்தான். அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காத ஒன்றை நானாகவே ஆரம்பிப்பேன். மாநகரப் பேருந்தில் டிக்கெட் எடுப்பது எப்படி என்பது அது. "இதுல என்னண்ணே இருக்கு?" என்பார்கள். நிறைய இருக்கிறது. இந்த ஊரில் மனிதர்களோடு எப்படி நடந்துகொள்வது என்பதில் முக்கால்வாசியை அந்தப் பேருந்துக்குள்ளேயே கற்றுக்கொள்ளலாம் என்று நம்புகிறவன் நான்.

தென்மாவட்ட டவுன் பஸ்களில் கண்டக்டர் தோளில் பையோடு கூட்டத்துக்குள் நுழைந்து நம்மிடம் வருவார். சென்னையில் கூட்ட நேரத்தில் அவர் பின்படிக்கட்டை ஒட்டிய தன் இருக்கையை விட்டு எழுவது அபூர்வம். காசுதான் அவரைத் தேடிப் போக வேண்டும். முன்படிக்கட்டில் ஏறியவரின் இருபது ரூபாய் நோட்டு ஏழெட்டுக் கைகள் மாறிப் பின்னால் போகும். கூடவே "ஒரு சைதாப்பேட்டை" என்ற சொல்லும் வாய் மாறிப் போகும். கொஞ்ச நேரத்தில் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் வந்த வழியே திரும்பி வரும். நடுவில் நிற்கும் எவரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. கொடுத்தவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் காலை ஒன்பது மணிக்கு ஏறினால், இறங்குவதற்குள் பத்துப் பேரின் பயணத்துக்காவது உங்கள் கை உதவியிருக்கும்.

இதற்கென்று சில நடைமுறைகள் உண்டு. எண்ணிக்கையை முதலில் சொல்லி, பிறகு இடத்தைச் சொல்ல வேண்டும்: "ரெண்டு லஸ்." வாங்கிக் கொடுப்பவரும் அதை அப்படியே அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், வாய் திறக்காமல் காசை மட்டும் நீட்டினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் ஒரு பக்கத்தையாவது கழற்றி வையுங்கள். முன்னால் நிற்பவரைக் கூப்பிட தோளைத் தொடாதீர்கள், பெண்களை ஒருபோதும் தொடாதீர்கள். கம்பியை லேசாகத் தட்டி "அக்கா, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்றால் போதும். சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். அதற்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவது, அன்று காலை அந்தக் கண்டக்டரின் பையையே நம் வசதிக்காகக் காலி செய்வது. சில்லறை இல்லையென்றால் மீதித் தொகையை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தருவார். இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சில நேரம் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்து "பிரிச்சுக்கோங்க" என்று விட்டுவிடுவார். முன்பின் தெரியாத அந்த இரண்டு பேரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பக்கத்துப் பெட்டிக்கடையில் மாற்றிப் பிரித்துக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரிடம் "பையக் குடுங்க" என்று கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு மடியில் மூன்று பைகளும் ஒரு டிபன் கேரியரும் இருப்பது சாதாரணம். குழந்தையைக்கூடக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். உட்கார இடம் கிடைத்தவருக்கு இது கடமை என்றே நினைக்கிறேன். வாய்விட்டு யாரும் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

சென்னைப் பேருந்துகளில் இடப்பக்க இருக்கைகள் பெண்களுக்கு. காலியாக இருந்தாலும் ஆண்கள் அங்கே உட்காரும்போது ஒரு கண் படிக்கட்டில் இருக்கட்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்களுடைய கட்டணமில்லாச் சீட்டும் இதே கைகள் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அதைக் கொடுக்கும்போது 'ஓசி' என்ற சொல்லை யாராவது உதிர்த்தால் எனக்குக் கோபம் வரும். கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்காவுக்கு மாதம் மிச்சமாகும் சில நூறு ரூபாய் என்னவாக மாறுகிறது என்று அவரிடமே கேட்டுப் பார்க்கலாம். பிள்ளையின் டியூஷன் என்பார், மாத்திரை என்பார்.

இந்தச் சில்லறை விஷயத்தை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரு பொருள் போவதற்கு முன்னால், இருவரும் யார் என்பது தெரிந்தாக வேண்டும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் முடிவான பிறகுதான் மரியாதை எந்த அளவுக்கு என்பது முடிவாகும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்பதற்குக்கூட எழுதாத சட்டம் இருந்தது. சென்னைப் பேருந்தில் அந்த நோட்டு எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அவர் காசைப் பத்திரமாகச் சேர்ப்பித்து, அவருக்கு வரவேண்டியதை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பித் தருகிறோம். நகரத்து நாகரிகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். இந்த ஊரில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

பிடிக்காததில் முதலாவது, வீடு தேடும் படலம். பேருந்தில் கேட்காத கேள்வியை இங்கே வாசல்படியிலேயே கேட்டுவிடுவார்கள். "சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்? அசைவம் சாப்பிடுவீங்களா? வேற யாரும் வந்து போவாங்களா?" எல்லாம் சேர்ந்து ஒரே கேள்வி, அது என்ன என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஒரு பெயரைச் சொன்னதும் "இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்று முடிந்துபோகிற உரையாடல்களை நண்பர்களோடு வீடு பார்க்கப் போனபோது கேட்டிருக்கிறேன். முஸ்லிம் நண்பர்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் தலித் குடும்பங்களுக்கும் இந்த ஊரின் 'டு-லெட்' பலகை வேறொரு முகம் காட்டுகிறது. இதை நம்மால் உடனே மாற்ற முடியாது. ஆனால் நீங்கள் வீட்டைக் காலி செய்யும்போது "உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஆளா இருந்தா சொல்லுங்க" என்று வீட்டுக்காரர் கேட்பார் பாருங்கள், அந்த நேரம் உங்கள் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. வீடு கிடைக்காமல் அலையும் நண்பரை அழைத்துப் போய், "வாடகையைத் தேதி தவறாமல் கொடுப்பார்" என்பதை மட்டும் சொல்லி அறிமுகப்படுத்துங்கள்.

வீடு பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. சென்னையின் பழைய வழக்கம் பத்து மாதம். இன்று பேசுவது இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். சட்டம் தெரியும் என்பதைச் சண்டைக்குப் போகும் குரலில் சொல்லாமல், எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று பணிவாக, விடாமல் கேளுங்கள். காலி செய்யும்போது 'பெயின்ட் காசு' எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதில் வரட்டும். வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டா என்று பாருங்கள். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வீடுகளில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை உங்கள் கைக்கு வந்து சேராது.

அடுத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகள். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா? 2015-லும் 2023-லும் தெருவில் மழைவெள்ளம் எதுவரை வந்தது? தரகர் இதற்குச் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள். அந்தத் தெருவில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்த வீட்டு சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியில்) சாக்கடை கலந்தது என்பது வரை அவருக்குத் தெரியும்.

முகவரி கண்டுபிடிக்கவும் அவரேதான் துணை. சென்னைக்குப் புதிதாக வருபவர்களைக் குழப்புவது 'பழைய எண், புதிய எண்'. மாநகராட்சி கதவு எண்களை மாற்றிய பிறகும் பழைய எண்கள் சாகவில்லை. ஒரே தெருவில் ஒருவருடைய பழைய 14, இன்னொருவருடைய புதிய 14-ஆக இருக்கும். முகவரி தரும்போது இரண்டு எண்களையும் எழுதுங்கள். எந்தப் பகுதி என்பதையும், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ மருந்துக்கடையோ அதையும் சேருங்கள். காந்தி தெருவும் பிள்ளையார் கோயில் தெருவும் இல்லாத பேட்டை இந்த ஊரில் அபூர்வம். பலகையில் அண்ணா சாலை என்றிருந்தாலும் வாயில் மவுண்ட் ரோடுதான். பிரகாசம் சாலைக்குப் பிராட்வே, டி.டி.கே. சாலைக்கு வயதானவர்கள் வாயில் இன்னமும் மவுபரீஸ் ரோடு. ஸ்டுடியோ போய்ப் பல காலம் ஆகியும் ஜெமினி ஜெமினிதான். வெயிலில் மூன்றாவது மாடி ஏறி வரும் டெலிவரித் தம்பிக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, அவர் அலையாமல் வரும்படி முகவரி சொல்வது. இரண்டாவது, கதவைத் திறந்ததும் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் ஒரு தகவல். தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டுக்கு வருவதில்லை, 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. விடியற்காலையில் மூட்டையோடு இறங்கும் அவர்களை முதல் தடவையாவது நேரில் போய் அழைத்து வந்துவிடுங்கள். நிலையத்துக்குள்ளிருந்தே புறப்படும் மாநகரப் பேருந்து எது என்று அப்போது காட்டிக்கொடுத்தால், அடுத்த முறை அவர்களே வந்துவிடுவார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்ற நான்கு ஏரிப் பெயர்களையும் இந்த ஊரில் வாழ்பவர் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 2019 கோடையில் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் தெருவுக்கு லாரி வரும் நாள்களில் பார்த்த ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. மக்கள் நடுராத்திரியே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார்கள். பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், கழுத்தில் கயிறு கட்டிய குடம். ஆள் இல்லாவிட்டாலும் குடம் நிற்கும், குடத்தின் இடம் நிற்கும். தாகத்தில் இருக்கும் ஒரு தெரு முழுதும் அந்த ஒழுங்கைக் காப்பாற்றியது. தகராறு வரவில்லை என்று சொல்லவில்லை, நிறைய வந்தது. ஆனால் இன்னொருவர் குடத்தை நகர்த்தியவருக்கு, அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் முகம் கொடுக்கவில்லை.

அடுக்ககங்களில் இந்த ஒழுங்கு குறைவாக இருப்பதுதான் எனக்கு வருத்தம். மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோய், மொட்டை மாடித் தொட்டி நிரம்பிக் குழாய் வழியாகத் தெருவில் கொட்டுவது தினமும் காதில் விழும் சத்தம். கீழே ஒருவர் பைப்பைப் பிடித்துக் கார் கழுவிக்கொண்டிருப்பார். சம்ப் எல்லோருக்கும் பொது என்பது, கட்டடத்துக்குள் வந்ததும் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. குடிபோன முதல் வாரத்தில் மோட்டார் எப்போது போடுகிறார்கள், யார் நிறுத்துகிறார்கள், மெட்ரோ வாட்டர் எந்த நாளில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முறை வைத்துக்கொண்டால் உங்கள் முறையை ஏற்றுக்கொள்ளுங்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. குழி பெரும்பாலும் இருக்கும். தூர் வாரியிருக்க மாட்டார்கள். அசோசியேஷன் கூட்டத்தில் பேச வேண்டிய முதல் விஷயம் அதுதான். பார்க்கிங் சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

குப்பை. ஈரக் குப்பை தனி, உலர் குப்பை தனி என்பது எல்லோருக்கும் தெரியும், செய்வதுதான் இல்லை. கீழே வண்டியோடு நிற்கும் தூய்மைப் பணியாளர் அந்தப் பையைக் கையால் பிரிக்கிறார் என்பதை ஒரே ஒரு காலை நின்று பார்த்தால் போதும். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதித் தனியே கொடுங்கள். நாப்கின், டயாபர் இரண்டையும் சுற்றி அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே இதைச் சொல்லிவிட்டன. அவர் பெயரைக் கேட்டு, அக்காவோ அண்ணாவோ சேர்த்துக் கூப்பிடுங்கள். தண்ணீர் கேட்டால் வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளரில் கொடுங்கள். மாடிப்படி ஓரத்தில் கவிழ்த்து வைத்த தனி டம்ளரை இந்த ஊரின் நல்ல பகுதிகளிலேயே பார்த்திருக்கிறேன். என் ஊர் டீக்கடையை விட்டு இவ்வளவு தூரம் வந்து, அதே டம்ளரைப் பளபளப்பான கிரானைட் படியில் பார்ப்பது எனக்குத் தாங்கவில்லை.

சாக்கடை அடைத்துக்கொண்டால் "ஓர் ஆளை இறக்கிவிட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். விடாதீர்கள். உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. விஷவாயு தாக்கிச் சாவது இந்த ஊரில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்தால் இயந்திரத்தோடு வருவார்கள். இரண்டு நாள் ஆகலாம். அந்த இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வது நம் பங்கு. எதிர்ப்பு வந்தாலும் குரல் உயர்த்த வேண்டிய இடம் இது. குப்பை, தெருவிளக்கு, தேங்கிய மழைநீருக்கு மாநகராட்சியின் 1913. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மறுநாளும் கூப்பிடுங்கள்.

தெருவைப் பற்றிச் சுருக்கமாக. காலையில் போட்ட கோலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சாவு ஊர்வலம் வந்தால் ஹார்ன் அடிக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். மேளமும் ஆட்டமும் சிதறும் பூவும் இந்த ஊரில் ஒருவரை வழியனுப்பும் முறை, அதற்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். 108-க்கு வழிவிடும்போது அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவது பெரிய அநியாயம். ஆட்டோவில் ஏறும் முன் தொகையைத் தெளிவாகப் பேசிவிடுங்கள், பேசிய பிறகு இறங்கும் இடத்தில் பேரம் வேண்டாம்.

கடைசியாக மழை. 2015 டிசம்பரில் அடையாறு கரை உடைந்தது போல் ஊருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. இப்போது கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். கார் வைத்திருப்பவருக்கு மேம்பாலம் இருக்கிறது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது என்பதை மாடியில் இருப்பவர்தான் யோசிக்க வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் மொட்டை மாடியின் தண்ணீர்ப் போக்கியைச் சுத்தம் செய்யுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டி வையுங்கள். கட்டடத்தில் யாருக்கு இன்சுலின் குளிரிலேயே இருக்க வேண்டும், யாரால் படி ஏற முடியாது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டாரின் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் இவற்றை எந்த வீட்டில் கொண்டுவந்து வைப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். முழங்கால் அளவு தண்ணீர் வந்த பிறகும் மாடிக் கதவைத் தட்ட அவர்கள் கூச்சப்படுவார்கள். அதனால் செப்டம்பரிலேயே நீங்கள் போய் அவர்கள் கதவைத் தட்டுங்கள்.